முகம் தெரியும், எழுத்து தெரியுமா? குரோம் வினைல் மூன்று ரோல் வெட்டி ஒட்டிய அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வெள்ளை வண்டி வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் படிக்கவே தேவையில்லை. வெள்ளையில் குரோம் வினைல், அதாவது கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் ஸ்டிக்கர் ஷீட், அதில் வெட்டிய எழுத்து எடுக்காது. கடையில் ரோலைப் பிரித்துக் காட்டும்போது நம் முகம் தெரியும், பல் தெரியும், "கண்ணாடிங்க இது" என்பார்கள், எல்லாம் சரிதான், ஆனால் அதையே வெட்டி ஒரு வெள்ளை டாடா ஏஸின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு இருபது அடி தள்ளி நின்று பார்த்தால், அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். போன் நம்பரைப் படிக்க வண்டிக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். ஒட்டிப் பார்த்து, திட்டு வாங்கி, என் செலவில் கறுப்பு வினைலில் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நாமக்கல் பக்கம் சின்னதாக ஸ்டிக்கர் கட்டிங் கடை வைத்திருக்கிறேன். இரண்டு அடி அகல சீன மெஷின் ஒன்று, பழைய கம்ப்யூட்டர் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் உதவிக்கு வரும் மச்சான் ஒருத்தன், அவ்வளவுதான் கடை. லாரி பாடி கட்டும் ஊர் என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. கேபினுக்கு மேலே குலதெய்வம் பெயர், கண்ணாடியில் பிள்ளைகள் பெயர், கதவில் ஓனர் பெயரும் ஊரும். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்களும் வருவார்கள், அவர்களுக்கு எல்லாமே பெரிதாக வேண்டும். சாதா வினைலைத் தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் வெட்டிக் கொடுப்பேன். குரோம்தான் ஆரம்பத்தில் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டது. போன வருஷம் மூன்று இடத்தில் மூன்று விதமான ரோல் வாங்கினேன், மூன்றையும் வெட்டினேன், ஒட்டினேன், எட்டு மாதம் ஊரில் ஓடுகிற வண்டிகளில் கண்காணித்தேன். எந்தக் கடை, எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்லப் போவதில்லை. ரோலின் குணத்தைச் சொல்கிறேன், அதை வைத்து நீங்களே கடையில் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

குரோம் என்று பெயர்தானே தவிர இதில் குரோமியம் எதுவும் கிடையாது. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் படிய வைக்கிறார்கள். சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் பளபளக்கிறதே, அதே வேலைதான், இங்கே கொஞ்சம் நேர்த்தியாகச் செய்கிறார்கள். அந்த அலுமினியப் படலம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மூன்று ரோலும் கடைசியில் எப்படி ஆயின என்பதற்கு இந்த மெல்லிய படலம்தான் காரணம். அது எங்கே இருக்கிறது, மேலே என்ன மூடியிருக்கிறது, வெட்டிய ஓரத்தில் அதற்கு என்ன ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பளபளப்பைப் பார்த்து வாங்கினால் மூன்று ரோலும் முதல் நாள் ஒரே மாதிரிதான் இருக்கும்.

படலம் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் இரண்டு வகை. ஒன்று பாலியஸ்டர், பெரும்பாலும் 50 மைக்ரான் கனம். இன்னொன்று பிவிசி, கார் பைக்குக்கு முழுசாகச் சுற்றி ஒட்டுவதற்கென்று வருவது, கனமும் அதிகம், விலையும் அதிகம். கடையில் ஒரு மூலையைக் கிள்ளி இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். பாலியஸ்டர் இம்மியும் நீளாது, மொடமொடவென்று சத்தம் போடும். பிவிசி இழுபடும், இழுத்த இடத்தில் பளபளப்பு போய் பால் ஊற்றினது போல மங்கும். வெளிநாட்டுப் பிராண்டுகளில் பாலியஸ்டர் வகைக்கு ஓரகல் 351, சுற்றி ஒட்டும் வகைக்கு ஏவரி டென்னிசனின் கன்ஃபார்ம் குரோம் என்று கேட்டால் கடைக்காரர்களுக்குத் தெரியும். நான் வாங்கிய மூன்றும் இவை இல்லை, எந்த வகை என்று கடைக்காரருக்குப் புரிய வைக்க இந்தப் பெயர்கள் உதவும் என்பதால் சொல்கிறேன்.

முதல் ரோல் பெயரில்லாத பாலியஸ்டர். மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தார்கள், சாதா வினைலைவிடக் கொஞ்சம்தான் விலை கூடுதல். வாங்கிய அன்று எனக்கு ஒரே சந்தோஷம். ரோலாகச் சுற்றித் தராமல் மடித்துக் கொடுத்தார்கள் என்பதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன், மடித்த கோடு அப்படியே நிரந்தரமாக விழுந்துவிட்டது. குரோமில் மடிப்பு விழுந்தால் அந்த இடம் வேஸ்ட், சூடு காட்டினாலும் போகாது. இரண்டு மீட்டரில் முக்கால் மீட்டர் அப்படிப் போனது. மீட்டர் கணக்கில் வாங்குகிறவர்கள் கையோடு ஒரு பிவிசி பைப் துண்டு கொண்டு போய் அதில் சுற்றி வாங்கிக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இந்த ரோலைத்தான் முதலில் சுண்ணாம்பு வைத்துச் சோதித்தேன். வெற்றிலைக்குப் போடும் அதே சுண்ணாம்புதான். அலுமினியத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது, காரம் அதை அரித்துவிடும். ஒரு சின்னத் துண்டு வெட்டி ஒரு தகரத்தில் ஒட்டி, நடுவில் ஒரு பொட்டும் ஓரத்தில் ஒரு பொட்டும் ஈரச் சுண்ணாம்பு வைத்துவிட்டு ராத்திரி தூங்கப் போய்விட்டேன். காலையில் துடைத்தால் நடுவில் வைத்த இடம் கண்ணாடி போல ஆகிவிட்டது, அதாவது நிஜமாகவே கண்ணாடி, மறுபக்கம் தகரம் தெரிகிறது. படலம் மேல்பக்கம்தான் இருக்கிறது, அதைக் காக்க மேலே பேருக்குக்கூட பூச்சு இல்லை என்று அர்த்தம். நம் ஊர் வாட்டர் சர்வீஸில் போடும் சோடா கலந்த சோப்பும் இதைத்தான் செய்யும், என்ன, மெதுவாகச் செய்யும்.

மூன்றாவது ரோலும் பாலியஸ்டர்தான், ஆனால் பெயருள்ள கம்பெனி, விலை முதல் ரோலைப் போல மூன்று மடங்கு. அதில் அதே சோதனையில் நடுவில் எதுவுமே ஆகவில்லை. ஓரத்தில் மட்டும் ஒரு நூல் அளவுக்கு உள்ளே அரித்திருந்தது. படலம் பாலியஸ்டருக்கு அடியில், பசைக்கு மேலே, சாண்ட்விச் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வெட்டிய ஓரத்தில் மட்டும்தான் அது வெளியே எட்டிப் பார்க்கிறது. மூன்று மடங்கு விலை எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கடைக்காரரிடம் ஒரு விரல் அகலத் துண்டு சாம்பிள் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வாங்கி வந்து சுண்ணாம்பு வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் ரோல் வாங்குங்கள்.

இரண்டாவது பிவிசி. இதைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஆசைதான். புல்லட் டேங்க் மாதிரி இரண்டு பக்கமும் வளைந்த இடத்துக்கு வேறு வழி கிடையாது, பாலியஸ்டர் அங்கே மடிந்து நிற்கும். ஆனால் எழுத்து வெட்ட இது சரியான பொருள் இல்லை. மேலே ஒரு தெளிவான காப்பு ஷீட் ஒட்டி வருகிறது, அதோடு வெட்டினால் பிளேடு இரண்டு தோலை அறுக்க வேண்டும், சின்ன எழுத்தில் காப்பு ஷீட் தனியாகவும் எழுத்து தனியாகவும் வந்து தொலைக்கும். காப்பை உரித்துவிட்டு வெட்டினால், ஷீட்டை அழுத்திப் பிடித்து நகர்த்தும் மெஷினின் உருளைகள் கோடு போடும். எது செய்தாலும் ஒரு தொந்தரவு. கடைசியில் உரித்துவிட்டுத்தான் வெட்டினேன், உருளைகள் ஓடும் இரண்டு ஓரத்திலும் மூன்று விரல் அகலம் காலியாக விட்டு. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரோலில் அந்தக் காலி இடம் மனசுக்கு உறுத்தும், சொல்லிவிட்டேன்.

உருளைக் கோடு விஷயம் பாலியஸ்டருக்கும் உண்டு. சாதா வினைலில் அது கண்ணில் படாது, குரோமில் ரயில் தண்டவாளம் மாதிரித் தெரியும். அதனால் டிசைனை எப்போதும் இரண்டு உருளைக்கும் நடுவில் வையுங்கள். நடு உருளை இருக்கிற மெஷின் என்றால் அதைத் தூக்கிவிடுங்கள்.

இப்போது வெட்டு. என் மெஷினில் சாதா வினைலுக்கு அழுத்தம் 90 வைப்பேன், மூன்றாவது ரோலுக்கு 125 தேவைப்பட்டது. உங்கள் மெஷினில் இதே எண் வராது, பிளேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அடியில் இருக்கும் பட்டை எவ்வளவு பள்ளம் விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். எண்ணை நம்பாதீர்கள், வினைலுக்கு அடியில் இருக்கும் பேக் பேப்பரைப் பாருங்கள். ஒரு சின்னச் சதுரம் வெட்டி எடுத்துவிட்டு அடியில் பார்த்தால் நகத்தால் கீறினது போல லேசாகத் தடம் தெரிய வேண்டும், தாள் அறுந்திருக்கக் கூடாது. பேப்பர் அறுந்தால், எழுத்தைச் சுற்றி மிஞ்சும் வேஸ்ட் எடுக்கும்போது பேப்பரும் சேர்ந்து கிழிந்து வரும், அப்புறம் அந்த எழுத்து கையில் ஒட்டிக்கொள்ளும். வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். வழக்கமாக நொடிக்கு 400 மில்லிமீட்டரில் ஓட்டுகிறவன் 120-க்கு வந்தேன். பாலியஸ்டர் விறைப்பானது, வேகமாகத் திரும்பும்போது பிளேடு மூலையில் அதைத் தூக்கிவிடும், தூக்கிய மூலை திரும்பிப் பிளேடு ஹோல்டரில் மாட்டும், மெஷின் கிர் என்று ஒரு சத்தம் போடும், அதோடு அந்த ஷீட் முடிந்தது. புது 45 டிகிரி பிளேடு போடுங்கள். பெரிய எழுத்துக்கு அது போதும். இரண்டு அங்குலத்துக்குக் கீழே உள்ள எழுத்துக்கு 60 டிகிரி பிளேடு போட்டபோது மூலைகள் சுத்தமாக வந்தன. குரோமில் பிளேடு சீக்கிரம் மழுங்குகிறது, அதனால் குரோமுக்கென்று தனி பிளேடு ஒன்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

சரி, இதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து வெட்டுகிறவனுக்கும் தெரிந்ததுதான். தமிழ் எழுத்தில்தான் நிஜமான கச்சேரி. நமக்கு இருப்பதெல்லாம் சுழி. ண-வில் மூன்று வளைவு, ஊ-வில் ஒரு குட்டி ள, ஒவ்வொரு மெய்க்கும் தலையில் ஒரு புள்ளி. "கருப்பண்ணசாமி துணை" என்று வெட்டிப் பாருங்கள், இரண்டே சொல், ப், ண் என்று இரண்டு புள்ளி, சுழி எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். புள்ளியில் என்ன ஆகும் என்றால், பிளேடு வட்டத்தைத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும்போது ஒரு முடி அளவு இடைவெளி விட்டுவிடும். சாதா வினைல் மெத்தென்று இருக்கும், அந்த முடியைப் பிய்த்துக்கொண்டு வேஸ்ட் வந்துவிடும். பாலியஸ்டர் பிய்யாது, புள்ளியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஒரு தடவை அப்படி ஒரு புள்ளி போனதைக் கவனிக்காமல் "சக்தி" என்பதைச் "சகதி" என்று ஒட்டிவிட்டேன், லாரி ஓனர் நல்ல மனுஷர், "ஏனுங் தம்பி, என்ற வண்டி சேத்துல போவோணும்னே எழுதிட்டீங்களா" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வேறொருவராக இருந்திருந்தால் கடைக்கு ஷட்டர்தான்.

இதற்கு மருந்து ஓவர்கட். முடிந்த இடத்தைத் தாண்டி அரை மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டச் சொல்லும் வசதி பெரும்பாலான மென்பொருளில் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. பிளேடு ஆஃப்செட்டும், அதாவது பிளேடின் நுனி அதன் நடு அச்சிலிருந்து விலகியிருக்கும் தூரம், அப்படித்தான், பெரும்பாலான பிளேடுக்கு 0.25 மில்லிமீட்டர். தப்பாக இருந்தால் வட்டம் முட்டையாகும், மூலை உருண்டையாகும். ஒருமுறை சரிசெய்துவிட்டால் அப்புறம் அந்தப் பக்கமே போக வேண்டாம். புள்ளியின் குறுக்களவு குறைந்தது 6 மில்லிமீட்டர் வையுங்கள், எழுத்துக் கோட்டின் கனம் குறைந்தது 4. அதற்குக் கீழே போனால் வெட்டிவிடலாம், வண்டியில் நிற்காது.

இன்னொன்று ஃபான்ட். எங்கள் கடைகளில் இன்னும் பாமினி, ஸ்ரீலிபி மாதிரிப் பழைய ஃபான்ட்கள்தான் ஓடுகின்றன, கோரல் டிராவின் பழைய பதிப்பில் யூனிகோட் தமிழைப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய் நிற்கும் என்பதால். பழைய ஃபான்ட்டில் "கி" என்பது இரண்டு துண்டு, க மேல் கொக்கி வந்து உட்காருகிறது. துண்டுகளை ஒன்றாக இணைக்கும் வெல்ட் கொடுக்காமல் மெஷினுக்கு அனுப்பினால் இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் எழுத்துக்குள்ளேயே ஒரு கோடு விழும். சாதா வினைலில் யாருக்கும் தெரியாது, நானே பல வருஷம் அப்படி வெட்டிக் கொடுத்திருக்கிறேன். குரோமில் அந்தக் கோடு வெயிலில் பளிச்சென்று தெரியும், அதைவிட மோசம், தண்ணீர் உள்ளே போக ஒரு வழி கூடுதலாகத் திறக்கிறது. வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெல்ட் கொடுத்து, வெறும் கோடாக மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். இரண்டு நிமிஷ வேலை.

வேஸ்ட் எடுக்கும்போது பாலியஸ்டர் ஒரு விதத்தில் சுகம், நீளாது என்பதால் நேராக வரும். ஆனால் ஷீட்டை மேலே தூக்கி இழுக்கக் கூடாது, பின்னால் படுக்க வைத்து மடக்கி இழுக்க வேண்டும். கையில் மெல்லிய துணி உறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் ரேகை பட்டால் துடைக்கத் துடைக்கக் கோடு விழும். வெட்டிய எழுத்தைத் தூக்கி வண்டிக்கு மாற்றும் டிரான்ஸ்பர் டேப் பசை குறைவானதாக இருக்கட்டும். பசை அதிகமான டேப் முதல் ரோலில் மேல் படலத்தையே திட்டுத் திட்டாக உரித்து எடுத்தது, மூன்றாவது ரோலில் அந்தப் பிரச்சினை வரவில்லை.

ஒட்டும் வேலையை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை, மூன்று விஷயம்தான் தவறக் கூடாதது. தண்ணீரில் துளி ஷாம்பு கலந்து தெளித்து ஈரத்தில்தான் ஒட்ட வேண்டும், உலர்வாக ஒட்டினால் குமிழ் விழும், குரோமில் ஒரு குமிழ் என்றால் ஊருக்கே தெரியும். தள்ளுகிற ஸ்கிராப்பரின் ஓரத்தில் வெல்வெட் துணி ஒட்டியிருக்க வேண்டும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஒட்ட வேண்டும், மதியம் நாமக்கல் வெயிலில் லாரித் தகரத்தில் கை வைக்க முடியாது, பசை பட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்தவே முடியாது. மூன்றுக்கும் மேலே, எங்கள் ஊருக்கென்றே ஒரு வில்லங்கம் உண்டு. பாடி கட்டி பெயின்ட் அடித்த மூன்றாம் நாளே "நாளைக்கு பூஜை, இன்னைக்கே ஒட்டிக் குடுங்க" என்று வண்டியைக் கொண்டு வந்து நிறுத்துவார்கள். புது பெயின்ட் உள்ளே இருக்கிற தின்னரை நாள்கணக்கில் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பாலியஸ்டர் காற்றை விடாது, அடியில் மாட்டிக்கொண்ட ஆவி ஒரு வாரத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அம்மை போட்ட மாதிரி. மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், பெயின்ட் வாசனை வந்தால் ஒட்டாதீர்கள். பூஜைக்கு அவசரம் என்றால் சாதா வினைலில் ஒன்று தற்காலிகமாக ஒட்டிக் கொடுத்துவிட்டு மாசம் கழித்து வரச் சொல்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், நஷ்டம் ஒன்றுமில்லை.

எட்டு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள். முதல் ரோலில் ஒட்டிய வண்டி மூன்று மாதத்திலேயே வந்துவிட்டது. எழுத்தின் ஓரமெல்லாம் கறுத்து, கீழ்ப்பக்கம் படலமே காணாமல் போய், வாட்டர் சர்வீஸ் குழாய் நேராகப் பட்ட இடத்தில் ஒரு எழுத்து பாதி உரிந்திருந்தது. சுண்ணாம்பு சொன்னது நிஜமாகிவிட்டது. பிவிசி எழுத்துகள் உரியவில்லை, ஆனால் கொஞ்சம் சுருங்கிவிட்டன, சுருங்கியதால் ஓரத்தில் ஒரு கோடு பசை வெளியே தெரிந்து, அதில் புழுதி ஒட்டி ஒவ்வொரு எழுத்துக்கும் கறுப்பு பார்டர் வந்துவிட்டது. பார்ப்பதற்கு மோசமில்லை, வேண்டுமென்றே செய்தது போல இருக்கிறது என்று ஓனரே சொன்னார், நான் மறுத்துப் பேசவில்லை. மூன்றாவது ரோல் அப்படியே இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய மங்கல் தெரிகிறது, மூன்றடி தள்ளி நின்றால் தெரியாது. இதில் ஒரு வண்டிக்கு மட்டும் ஓரங்களில் வீட்டில் இருந்த நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லிய பிரஷால் தடவி விட்டேன், வீட்டம்மா முறைத்தாள், ஆனால் அந்த வண்டியில் ஓர மங்கல் சுத்தமாக இல்லை. பிவிசியில் இதைச் செய்யாதீர்கள், ஓரம் வெந்து சுருண்டுவிடும், ஒரு எழுத்தில் செய்து கெடுத்துக்கொண்டேன்.

இனி ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன், படிக்க முடிகிறதா என்பது. குரோமுக்கு சொந்த நிறம் கிடையாது, எதிரே என்ன இருக்கிறதோ அதுதான் அதன் நிறம். கண்ணுக்கு மேலே இருக்கும் எழுத்தில் வானம் விழும், கீழே இருக்கும் எழுத்தில் ரோடு விழும். அதனால்தான் லாரி கேபினுக்கு மேலே இருக்கும் பலகையில், நேஷனல் பர்மிட் வண்டிகளின் அந்தக் காய்ந்த இலை பிரவுனில் குரோம் எழுத்து அப்படி ஜொலிக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு எழுத்தெல்லாம் வெள்ளை வெளேரென்று வானமாகத் தெரியும். அதே எழுத்தை பம்பரில் ஒட்டினால் தார் ரோடு விழுந்து கறுத்துக் கிடக்கும். டாடா ஏஸ் பக்கவாட்டில் பாதி எதிர்க்கடை, பாதி ரோடு, நடுவில் நடந்து போகிறவரின் சட்டை. எப்படிப் படிப்பது? கறுப்பு, அடர் நீலம், அரக்கு, பிரவுன், இந்த நிறங்களில் கண்ணுக்கு மேலே என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். வெளிர் நிறத்தில் கட்டாயம் குரோம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு அடியில் மேட் கறுப்பு வினைலில் 5 மில்லிமீட்டர் பார்டர் விட்டு வெட்டி அதன் மேல் குரோம் ஒட்டிக் கொடுக்கிறேன். வேலை இரட்டிப்பு, ஆனால் எழுத்து எழுந்து நிற்கிறது. போன் நம்பரை மட்டும் குரோமில் போடவே மாட்டேன், யார் கேட்டாலும் சரி.

"ராத்திரில லைட்டு பட்டா மின்னுமில்ல" என்று பாதிப் பேர் கேட்கிறார்கள், சில கடைகளில் அப்படிச் சொல்லியே விற்கிறார்கள். மின்னாது. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தை, வந்த திசைக்கே திருப்பி அனுப்புவது ரிஃப்ளெக்டிவ் டேப்பின் வேலை, அதற்குள் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டக அமைப்போ இருக்கும். குரோம் வெறும் கண்ணாடி, வெளிச்சத்தை வேறு திசைக்குத் தள்ளிவிடும், டிரைவர் கண்ணுக்கு எழுத்து கறுப்பாகத்தான் தெரியும். லாரிக்கு முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒட்டச் சொல்லும் டேப்புக்குப் பதிலாக குரோம் பட்டை ஒட்டலாமா என்று ஒருத்தர் கேட்டார். எஃப்சி எனும் தகுதிச் சான்றிதழ் சோதனையிலும் நிற்காது, ரோட்டில் உயிருக்கும் உதவாது என்று சொல்லி அனுப்பினேன். நம்பர் பிளேட்டும் அப்படியே, 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்தான், அதில் ஸ்டிக்கருக்கு வேலையே இல்லை. 2024 மே மாதம் சென்னையில் டிராஃபிக் போலீஸ் வண்டிகளில் இருந்த ஸ்டிக்கர்களைப் பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து இங்கேயும் "போலீஸ்", "பிரஸ்" என்று குரோமில் கேட்டு வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். முன்பே நான் வெட்டிக் கொடுத்ததில்லை, இப்போது காரணம் சொல்ல சுலபமாகிவிட்டது.

நீங்கள் மெஷின் வைத்திருக்கிறவர் இல்லை, வண்டி வைத்திருக்கிறவர், ஏதோ ஒரு கடையில் கொடுத்து ஒட்டப் போகிறீர்கள் என்றால், கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இரண்டே இரண்டு: பாலியஸ்டரா பிவிசியா, ஈரத்தில் ஒட்டுவீர்களா. இதற்குப் பதில் தெரியாதவரிடம் சாதா வினைல் வேலையை மட்டும் கொடுங்கள். ஒட்டிய பிறகு ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள், சர்வீஸில் குழாயை எழுத்தின் ஓரத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டாம் என்று பையனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மண்ணெண்ணெய் துணி, பாலிஷ் இரண்டும் எழுத்தின் மேல் படவே கூடாது.

மூன்றாவது ரோலில் இன்னும் நாலு மீட்டர் பாக்கி இருக்கிறது, அது தீர்ந்தால் அதையே திரும்ப வாங்குவேன். பிவிசி ரோலை புல்லட் டேங்குக்கு மட்டும் எடுக்கிறேன். முதல் ரோலில் மிஞ்சியது கல்யாண மண்டபத்து வரவேற்பு போர்டுக்கு மாப்பிள்ளை, பெண் பெயர் வெட்ட நன்றாக உதவுகிறது, மழை கிடையாது, சோடா கிடையாது, ஒரே நாள் வேலை, போட்டோவில் அசத்தலாக விழுகிறது.